சிஸ்டர் வந்து நின்றாலே கை நடுங்குகிறது

கேள்வி: அக்கா, சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்டத்துப் பெண் நான். அம்மா பால்மரம் வெட்டியவர். ஈப்போவில் தாதியர் டிப்ளோமா இரண்டாம் ஆண்டு. வார்டில் மருந்து எடுக்கும்போது சிஸ்டர் பக்கத்தில் வந்தாலே கை நடுங்குகிறது, கணக்கு மறந்துபோகிறது. ராத்திரியில் தூக்கமும் இல்லை. கவுன்சலரைப் பார்க்கட்டுமா என்றால், "தஞ்சோங் ரம்புத்தானுக்கா போகப்போறே?" என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.

பதில்: அந்தச் சிரிப்பு பேராக் முழுக்கக் கேட்டதுதான், தங்கச்சி. 1911-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை, இன்றைய பகாகியா, தஞ்சோங் ரம்புத்தானில் இருப்பதால் ஊர்ப்பெயரே கேலியாகிவிட்டது. தாதியர் படிப்பில் மனநலப் பிரிவும் உண்டு. நாளை நீங்களே அங்கே சீருடையில் நிற்கலாம். வீட்டில் சொல்லிப் பாருங்கள்.

நடுக்கம் அட்ரினலின் செய்யும் வேலை. உடம்பு ஓடத் தயாராகிறது. நீங்களோ சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். மூச்சை இழுப்பதைவிட நிதானமாக விடுங்கள், நாலைந்து முறை. ஆனால் மூச்சுப் பயிற்சியே போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உங்கள் பயத்தில் பாதி நியாயமானது. மருந்தளவு தவறினால் நோயாளிதானே பாதிக்கப்படுவார்?

அதனால் மனக்கணக்கு வேண்டாம். தாளில் எழுதுங்கள். வேண்டியது 250 மில்லிகிராம், மருந்து 5 மில்லிலிட்டரில் 500 மில்லிகிராம். 250-ஐ 500-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கினால் 2.5 மில்லிலிட்டர். அதை வாய்விட்டுச் சொல்லி, "சிஸ்டர், தொலோங் செமாக்" (சரிபாருங்கள்) என்று நீங்களே முந்திக்கொண்டு கேளுங்கள். வேவு பார்ப்பவராகத் தெரிந்தவர் சரிபார்ப்பவராகிவிடுவார். அனுபவசாலிகளும் இன்னொருவரிடம் காட்டித்தான் சில மருந்துகளைக் கொடுக்கிறார்கள்.

சிலர் கத்துவார்கள்தான். தவற்றைத் திருத்தினால் கேட்டுக்கொள்ளுங்கள். "எஸ்டேட்டு ஆளுதானே" என்று நோயாளி முன்னால் இழிவுபடுத்தினால் தேதியோடு எழுதிவைத்து, பயிற்றுநரிடம் கொடுங்கள். பொறுத்துப் போவது இங்கே குணமல்ல.

இனித் தூக்கம். நைட் ஷிப்ட் இருந்தால், அது முடியும் நேரத்தில் கோப்பி-ஓ வேண்டாம். பகல் தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டதா? அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். 21 கேள்விகள் கொண்ட தாஸ் படிவத்தில் மனஅழுத்தம், பதற்றம், மனச்சோர்வு எந்த அளவில் இருக்கின்றன என்று பார்ப்பார்கள். பேச மட்டும் ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை இருக்கிறது: 15555. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் எதற்கும் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

கல்லூரிக் கவுன்சலரைப் பார்க்க வீட்டு அனுமதி தேவையில்லை. உங்களுக்கு 18 வயது கடந்திருக்குமே.