பிரான்சைஸ் வணிகம்: கையெழுத்திடும் முன்...

நம் நாட்டில் 1963-இல் ஏ அண்ட் டபிள்யூ உணவகமும் 1973-இல் கே.எஃப்.சி.யும் கால் பதித்தன. இன்று தேநீர்க் கடை முதல் பாலர் பள்ளி வரை பிரான்சைஸ் முறையில் நடக்கின்றன. வேலை ஓய்வு பெறும் நம் பெற்றோர் பலர் சேமநிதிப் பணத்தைப் போட நினைக்கும் தொழிலும் இதுதான். ஆகவே, வணிகத்துறை மாணவன் என்ற முறையில் இதன் அடிப்படையை இங்கே விளக்க விரும்புகிறேன்.

பிரான்சைஸ் என்றால் என்ன?

ஒருவர் தம் வணிகப் பெயரையும் நடத்தும் முறையையும் மற்றவர் பயன்படுத்த அனுமதிக்கிறார். அதற்குக் கட்டணம் பெறுகிறார். தொடர்ந்து மேற்பார்வையும் செய்கிறார். முதலீடும் நட்டமும் உரிமம் பெறுபவருடையவை. பெயரோ வழங்கியவருடையது. சுருங்கச் சொன்னால், நாம் வாங்குவது கடையை அன்று; குறிப்பிட்ட காலத்திற்கான அனுமதியை.

பணம் போகும் வழி

தொடக்கக் கட்டணம் ஒருமுறை. அதன்பின் மாதந்தோறும் உரிமத் தொகை. இது பெரும்பாலும் இலாபத்தில் அன்று, விற்பனையில் கணக்கிடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, மாத விற்பனை 30,000 ரிங்கிட், உரிமத் தொகை 6%, விளம்பர நிதி 2% என்று கொள்வோம். வாடகையும் சம்பளமும் கொடுக்கும் முன்பே 2,400 ரிங்கிட் போய்விடும். அம்மாதம் நட்டம் என்றாலும் இது குறையாது.

சட்டம் தரும் பாதுகாப்பு

மலேசியாவின் பிரான்சைஸ் சட்டம் 1998, 1999 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 2012-இலும் 2020-இலும் திருத்தப்பட்டது. இதில் நாம் மனத்தில் இருத்த வேண்டியவை:

1. உரிமம் வழங்குபவர் முதலில் பதிவு செய்திருக்க வேண்டும்.
2. ஒப்பந்தமும் வெளிப்படுத்தல் ஆவணமும் கையெழுத்திடுவதற்குக் குறைந்தது 10 நாள்களுக்கு முன் நம் கைக்கு வர வேண்டும்.
3. கையெழுத்திட்ட பின்னும் மனம் மாறி விலக, குறைந்தது 7 வேலை நாள் அவகாசம் உண்டு. ஒப்பந்தம் தயாரித்த நியாயமான செலவு போக மீதிப் பணம் திரும்ப வேண்டும்.
4. ஒப்பந்தக் காலம் 5 ஆண்டுக்குக் குறையக் கூடாது. தக்க காரணமின்றி இடையில் முறிக்கவும் முடியாது.

சட்டம் நம்மையும் கட்டுகிறது. ஒப்பந்தம் முடிந்த பின் 2 ஆண்டுகள் அதே வகை வணிகத்தை நாம் நடத்தக் கூடாது. ஐந்தாண்டு தேநீர் விற்றுத் தொழில் கற்றவர், மறுநாளே சொந்தத் தேநீர்க் கடை திறக்க இயலாது.

சிங்கப்பூரில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. அங்கே ஒப்பந்தத்தில் எழுதியதே பெரிதும் செல்லும். எனவே, அங்குள்ள நண்பர்கள் இன்னும் கவனமாக வாசிக்க வேண்டும்.

கேட்டால் தவறில்லை

என் மாமா ஒருவர் பானக் கடை உரிமம் வாங்க விரும்பினார். "இன்றே கையெழுத்துப் போட்டால் கழிவு உண்டு, அண்ணே" என்றார் விற்பனையாளர். நாங்கள் பதிவுச் சான்றையும் வெளிப்படுத்தல் ஆவணத்தையும் கேட்டோம். அதன்பின் அவரிடமிருந்து அழைப்பே வரவில்லை. பணம் மாமாவிடம் பத்திரமாக இருக்கிறது.

பிரான்சைஸ் தீய தொழில் அன்று. நல்ல பெயரும் நல்ல பயிற்சியும் கிடைத்தால், அனுபவமில்லாதவரும் காலூன்றலாம். ஆனால், ஆழம் அறியாமல் காலை விடலாகாது. ஆங்கிலத்திலோ மலாயிலோ உள்ள ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் நாம். பெற்றோர் பேனாவை எடுக்கும் முன், அந்தப் பத்து நாள்களை அவர்களுடன் அமர்ந்து வாசிக்கச் செலவிடுவோம்.