கச்சியும் கடன்மல்லையும்

காஞ்சிமாநகரைக் காணச் செல்வோருட் பெரும்பாலார் அரைநாளில் இரண்டொரு கோயிலைக் கண்டு, பட்டுக்கடை புகுந்து, மாலைக்குள் மீள்வர். மாமல்லபுரத்திற்கோ கடற்காற்றினைக் கருதி வேறொருநாட் செல்வர். இவ்விரண்டும் ஒரு தலைநகரின் இரு கூறுகளே என்பது பலர்க்குத் தோன்றுவதில்லை. கிரேக்க நாட்டு ஆதென்ஸ் நகரும் கடலினின்று சிறிது உள்ளடங்கியதே. அதனையும் பைரேயஸ் என்னுந் துறைமுகத்தையும் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் நெடுமதில்களால் இணைத்தனர். அத்துறையை விடுத்து ஆதென்ஸின் வரலாறு எழுதுவார் இலர். கச்சிக்கும் மல்லைக்கும் இடையே ஏறத்தாழ 40 மைல், மதில் இல்லை, எனினும் தொடர்பு அத்தகையதே. அதனை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியில் இருந்தாண்ட தொண்டைமான் இளந்திரையன்மேற் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பரிசில் வேண்டிச் செல்லும் பாணனுக்கு வழிகூறும் புலவர், தலைநகர்க்கு முன்னர் நீர்ப்பெயற்று என்னுங் கடற்றுறையைக் காட்டுகின்றார். உயர்ந்ததொரு மாடத்தின் உச்சியில் இரவிலே விளக்கேற்றி மரக்கலங்களுக்குக் கரை காட்டினர் என்பது அப்பாட்டாற் பெறப்படும். நீர்ப்பெயற்று மல்லையே என்பாரும், அன்று என்பாரும் உளர். அவ்வழக்கு எவ்வாறாயினும், மல்லைக் குன்றின் மேலுள்ள பல்லவர் கோயிலாகிய ஒலக்கண்ணேசுவரத்தின் முடிமேல் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கலங்கரை விளக்கம் அமைத்தனர் என்பதும், பின்னர் எழுந்த விளக்கம் அதற்கு அணித்தே இன்றும் நிற்கின்றது என்பதும் நினைவுகூரத்தக்கன.

யவனர் வந்து சென்றமைக்குப் பாட்டு மட்டுமன்றி மண்ணும் சான்றாகும். 1945இல் வீலர் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை அகழ்ந்து, மேனாட்டு மட்கலங்களை வெளிப்படுத்தினார். பாலாறு கடலொடு கலக்குமிடத்திலுள்ள வசவசமுத்திரத்திலும் மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்துள்ளன.

இனிக் கற்பணியை நோக்குவாம். மல்லையிற் குன்றைக் குடைந்து மண்டபமாக்கினர். தனிப்பாறைகளைச் செதுக்கி இரதமாக்கினர். ஏறத்தாழ 96 அடி நீளமுள்ள பாறைமுகத்தில் வானவரையும் விலங்கினத்தையும் ஒருங்கே நிறுத்தினர். அது அருச்சுனன் தவமோ, பகீரதன் தவமோ என்னும் வினாவிற்கு யாம் விடைகூறப் புகவில்லை. அருகே பொய்த்தவம் புரியும் பூனையைக் கண்டு நகையாதார் எவருமிலர். இவையெல்லாம் கருங்கல், உளிக்கு எளிதில் இணங்காதது. கடற்கரைக் கோயிலை எடுத்த இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கச்சியிற் கைலாசநாதர் கோயிலை எழுப்பிய காலை, அடித்தளத்திற்கு மட்டும் கருங்கல் இட்டு, மேலெல்லாம் மணற்கல்லால் அமைத்தான். மணற்கல் மென்மையது, சிற்பி நினைத்த வடிவை நினைத்தவாறே தரும். ஆனால் அம்மென்மையே அதற்குப் பகையுமாயிற்று. மழையும் காற்றும் உண்ணச் சிங்கங்களின் முகம் தேய்ந்தது. பிற்காலத்தார் காக்கும் எண்ணத்தாற் சுதை பூசினர். அப்பூச்சோ பல்லவச் சிற்பியின் கைத்திறனை மறைத்தது. சுதை உதிர்ந்த இடத்தும் கல் உதிராத இடத்தும் மட்டுமே பழைய உருவம் தெளிவுறும்.

கோயிலைச் சூழ மதிலையொட்டி 58 சிற்றாலயங்கள் உள்ளன. வேற்றுச் சமயத்தினராகிய யாம் கருவறையை நாடாது, பாதணி களைந்து இத்திருச்சுற்றில் நடந்து காணுதற்குத் தடையில்லை. அவற்றுட் சிலவற்றின் உட்சுவரில், நகத்தளவும் கையளவுமாக, பல்லவர் கால ஓவியங்கள் எஞ்சியுள்ளன. பிரெஞ்சு அறிஞர் யூவோ துப்ராய் 1931இல் அவற்றை உலகறியச் செய்தார். விரைந்து நடப்பார்க்கு அவை வெறுங்கறையாகவே தோன்றும். கண் நிழலுக்குப் பழகுமளவும் நிற்றல்வேண்டும். முன்மண்டபத் தூணொன்றிற் கன்னடக் கல்வெட்டொன்றுண்டு. கச்சியை வென்ற சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன், இக்கோயிற் செல்வத்தைக் கவராது மீள அளித்தான் என்பது அதன் செய்தி. தோற்றவர் ஊரில் வென்றவன் வைத்த கல்வெட்டு இங்ஙனம் அமைதல் அரிது.

வைகுந்தப்பெருமாள் கோயிற் சுற்றுமண்டபத்திற் பல்லவர் வரலாறு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளது. ஏகாம்பரநாதர் கோயிலின் தென்கோபுரம் கிருட்டிணதேவராயர் 1509இற் கட்டியது. வரதராசர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தின் கற்சங்கிலியை யாவரும் அறிவர். பலர் செல்லாத திருப்பருத்திக்குன்றத்துச் சமணக்கோயில் விதானத்தில் தீர்த்தங்கரர் சரிதம் வண்ணத்தால் தீட்டப்பெற்றுள்ளது. அதன் சங்கீதமண்டபம் விசயநகர அமைச்சன் இருகப்பன் 1387ஐ ஒட்டிக் கட்டுவித்தது.

கோயிலிற் கல் தேய்வதுபோலத் தெருவில் ஒரு தொழிலும் தேய்கின்றது. பிள்ளையார்பாளையத்துக் குழித்தறிகளைக் காணாதவன் கச்சியைக் கண்டவனாகான். பட்டுநூல் பெரும்பாலும் கன்னட நாட்டினின்றும், சரிகை சூரத்தினின்றும் வருவன. கச்சிக்கு உரியது கைத்திறமே. கோர்வைப் புடைவையில் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். மூன்று நாடாக்கள் ஓடும். நெசவாளர் ஒருபால் இருக்க, மறுகரைக்குரிய நாடாவை வீச இரண்டாமவர் ஒருவர் அருகிருத்தல் வேண்டும். முந்தியை வேறு நிறமாக்கப் பழைய பாவின் ஒவ்வோரிழையோடும் புதிய இழையை முறுக்கி இணைப்பர், இதுவே பெட்னி. முன்னாளில் அவ்விரண்டாங் கை பெரும்பாலும் சிறுவன் கையாக இருந்தது. அவனைத் தறியினின்று பள்ளிக்கு அனுப்பியது அறமே. அதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் அவ்விடத்திற்கு வளர்ந்தவர் ஒருவரை அமர்த்தினால் அவர்க்குக் கூலி யார் தருவது? வாங்குவோர் விலை குறைக்கவே கேட்கின்றனர். ஆதலின் கோர்வையில்லாத புடைவை பெருகுகின்றது. நெசவாளர் மைந்தர் பலர் திருப்பெரும்பூதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளை நாடுகின்றனர். 2005இற் காஞ்சிப்பட்டிற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காக்கும். இரண்டாங் கையைக் கொணராது. வாங்குவோர் கரையும் உடலும் கூடுமிடத்தைத் திருப்பிப் பார்த்து, இரு நிற ஊடையும் ஒன்றையொன்று கவ்வி நிற்றலை அறிந்து, அதற்குரிய விலையைக் கொடுப்பாராயின் அக்கை மீளக்கூடும்.

இரண்டு நாள் கிடைப்பின், முதல்நாள் கச்சியிற் கைலாசநாதத்தைக் காலையிலும் நெசவுத்தெருவைப் பிற்பகலிலும் காண்க. மறுநாள் மல்லை சென்று, நேரம் எஞ்சின், தெற்கே சதுரங்கப்பட்டினம் வரை போக. அங்கே ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டில் இருந்து, இந்நாட்டுத் துணியைக் கலமேற்றினர். இடிந்த கோட்டையுள் அவர்தம் கல்லறைகள் செதுக்குப்பணியோடு கிடக்கின்றன. மேலைக்கடல் கடந்து துணி வாங்க வந்தோர் துயிலும் அவ்விடத்திற்கு எதிரே, கீழைக்கடல் ஓயாது ஒலிக்கின்றது.