கண்டியில் 9.81 கிடைக்காது

நம்பிக்கை: சின்ன ஜி, அதாவது புவியீர்ப்பு ஆர்முடுகல், ஒரு மாறிலி. 9.81 வராவிட்டால் பரிசோதனை பிழை.

கண்டியில் உயர்தரம் படித்தவர்களிடம் எளிய ஊசல் பரிசோதனையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 9.77, 9.79 என்று வந்ததை அழித்து 9.81 ஆக்கிய கதை ஒன்று இருக்கும். நானும் அப்படி அழித்தவன்தான்.

அழித்த எண்ணே சரிக்குக் கிட்ட இருந்தது. 9.81 இலண்டனுக்கும் பாரிசுக்கும் பொருந்துவது. பூமி சுழல்வதாலும் நடுவில் புடைத்திருப்பதாலும் மத்திய கோட்டுப் பக்கம் சின்ன ஜி குறைவு. கண்டி 7 பாகை வடக்கில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் மேலே இருக்கிறது. இங்கே 9.78தான் வர வேண்டும். ஆனால் ஒரு மீற்றர் ஊசல் 50 தரம் அலைந்தாலும் இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 0.15 செக்கன், நிறுத்தற் கடிகாரத்தை அழுத்தும் விரலே அவ்வளவு தடுமாறும். 200 அலைவுகள் எண்ணும் பொறுமைக்காரருக்குத்தான் கண்டியின் எண் அகப்படும்.

நம்பிக்கை: அப்படியென்றால் கொழும்பில் வாங்கிய நகை கண்டியில் நிறை குறையும்.

பவுணுக்கு ஒரு மில்லிகிராம் அளவில் குறைத்துக் காட்டலாம், கொழும்பில் சரிபார்த்த மின்தராசை அப்படியே தூக்கி வந்தால். இருதட்டுத் தராசில் படியும் கூடவே இலேசாவதால் ஒன்றும் தெரியாது. சேதாரத்தில் போவதை முதலில் விசாரியுங்கள்.

நம்பிக்கை: உண்மையான மாறிலிகளையாவது கடைசி இலக்கம் வரை அளந்துவிட்டார்கள்.

ஒளியின் வேகத்தை அளக்கும் வேலையே இப்போது இல்லை. 1983இல் செக்கனுக்கு 299,792,458 மீற்றர் என்று நிர்ணயித்து, மீற்றரை அதிலிருந்து பெறுகிறார்கள். 2019 மே 20 முதல் கிலோகிராமும் பாரிஸ் அருகே பூட்டிவைத்த உலோக உருளையை விட்டுப் பிளாங்க் மாறிலியைப் பிடித்துக்கொண்டது.

முரண்டு பிடிப்பது பெரிய ஜி, நியூட்டனின் ஈர்ப்பு மாறிலி. கவெண்டிஷ் ஈயக் குண்டுகளை வைத்துப் பரிசோதித்தது 1798இல். இன்றைக்கும் 6.674 என்பதைத் தாண்டினால் சந்தேகம்தான். சில ஆய்வுகூடங்கள் அந்த மூன்றாம் தசமத்திலேயே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஈர்ப்பு மிகப் பலவீனமானது, எந்தச் சுவராலும் தடுக்க முடியாதது. கருவிக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளும் இழுப்பார், மழையில் ஊறிய மண்ணும் இழுக்கும்.

மலை இழுப்பதை 1774இலேயே அளந்தார்கள். ஸ்கொட்லாந்தின் ஷிஹாலியன் மலையருகே வானியலாளர் மஸ்கெலைன் தொங்கவிட்ட தூக்குக்குண்டு, ஒரு பாகையில் ஏறத்தாழ 600இல் ஒரு பங்கு மலைப்பக்கம் சாய்ந்தது. கண்டியின் ஹந்தானை மலையடிவாரத்தில் வீடு கட்டும் மேசனின் தூக்குக்குண்டையும் மலை கொஞ்சம் இழுக்கத்தான் செய்கிறது. சுவர் அதனால் கோணவில்லை.