காரில் நேபாளம் போகும் முன் கவனிக்க வேண்டியவை

அம்மாபேட்டையிலிருந்து குடும்பத்தோடு சொந்தக் காரில் காசி போகிறவர்களில் பலருக்கு, அப்படியே முக்திநாத்தையும் பசுபதிநாதரையும் தரிசித்துவிட்டு வரும் ஆசை உண்டு. பெங்களூரு, ஐதராபாத், நாக்பூர், ஜபல்பூர், வாரணாசி, கோரக்பூர் வழியாக சுனௌலி எல்லை வரை நம் நாட்டுச் சாலைதான். அதைத் தாண்டி வண்டி நின்றால் என்ன செய்வது என்பதை இங்கேயே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே, போகும் ஆட்கள், பெட்டிகள் எல்லாவற்றோடும் ஒருமுறை ஏற்காடு ஏறி இறங்குங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் கிளட்ச், பிரேக், கூலன்ட் மூன்றின் நிலையும் தெரிந்துவிடும். காட்மாண்டுவை விட ஏற்காடு சற்று உயரம்தான். கிளட்ச் கருகும் வாடை வந்தால் சேலத்திலேயே மாற்றிவிடுங்கள்.

2. இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விடவே கூடாது. தொப்பூர் கணவாயில் நடந்த விபத்துகளைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது கியரில் இறங்கினால் பிரேக் சூடேறாது.

3. காப்பீடுதான் பலர் மறப்பது. நம் வாகனப் பாலிசி இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். நேபாளத்துக்கும் நீட்டிக்கக் கூடுதல் பிரீமியம் கட்டி, பாலிசியில் எழுத்தாக வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வது போதாது. வண்டியை இழுத்து வரும் சேவை எல்லைக்கு அப்பாலும் உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

4. எல்லைச் சுங்கச் சாவடியில் நாள் கணக்கில் பணம் கட்டி, வண்டிக்கு 'பன்சார்' சீட்டு வாங்க வேண்டும். ரிப்பேரால் தங்க நேர்ந்து, சீட்டின் நாள் கடந்துவிட்டால் அபராதம். அதனால் திட்டமிட்டதை விட இரண்டு நாள் கூட்டியே கட்டுங்கள். இந்தச் செலவுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

5. ஆர்.சி., ஓட்டுநர் உரிமம், புகைச் சான்று அசலாக இருக்கட்டும். பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். வண்டி வேறொருவர் பெயரில் இருந்தால் அவருடைய சம்மதக் கடிதமும் தேவை.

6. ஸ்டெப்னியில் காற்று, ஜாக்கி, வீல் ஸ்பேனர், பஞ்சர் கிட், ஜம்பர் கேபிள், ஃபியூஸ், ஒரு ஃபேன் பெல்ட், கூலன்ட், டார்ச். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. அவ்வளவு பழைய டயரோடு மலை ஏற வேண்டாம்.

7. எஞ்சின் சூடு முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து ஓரம் கட்டுங்கள். ரேடியேட்டர் மூடியை உடனே திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். அரை மணி நேரமாவது ஆறட்டும்.

8. வண்டி நின்றதும் முதலில் குழந்தைகளையும் பெரியவர்களையும் சாலையை விட்டு விலகி உட்கார வையுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தை 50 மீட்டர் பின்னால் வைத்த பிறகே டயரில் கை வையுங்கள்.

9. இந்தியாவின் தேசிய நெடுஞ்சாலைகளில் உதவிக்கு 1033. நேபாளத்தில் போலீசுக்கு 100, போக்குவரத்து போலீசுக்கு 103. எல்லையிலேயே நேபாள சிம் வாங்கிவிடுங்கள்.

10. மழைக்காலத்தைத் தவிருங்கள். 2024 ஜூலை 12 அன்று நாராயண்காட் - முக்லிங் சாலையில் நிலச்சரிவு இரண்டு பேருந்துகளைத் திரிசூலி ஆற்றில் தள்ளியது. காட்மாண்டு போக நம் மக்கள் பிடிக்கும் சாலை அது. இரவில் மலைப்பாதையே வேண்டாம்.

11. நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களும் திருச்செங்கோடு ரிக் வண்டிக்காரர்களும் வட மாநிலமெல்லாம் ஓடுகிறவர்கள். தெரிந்தவர் யாராவது இருந்தால், நாக்பூர், வாரணாசிப் பக்கம் நம்பகமான மெக்கானிக் எண்களை அவர்களிடம் கேட்டு, செல்போனில் மட்டுமல்லாமல் காகிதத்திலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.