படகில் ஒரு துளை

மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் சாலை, கொளத்தூரைக் கடந்து பாலாறு என்னும் சிற்றாற்றை அடைகிறது. அவ்வாறே அங்குத் தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் எல்லையாக அமைந்துள்ளது. மலையை உள்ளடக்கிய கொள்ளேகால் வட்டம் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதன்பின் மைசூரு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதனுடன் சென்றது. அதனால் இவ்வட்டாரத்தில் தமிழும் கன்னடமும் இன்றும் ஒருங்கே ஒலிக்கின்றன. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை நிரம்பும் காலத்தில், தேங்கிய நீர் மலையடிவாரம் நோக்கிப் பரந்து நிற்கும்.

அந்நீரில் மீனவர் செலுத்துவது பரிசல். மூங்கிற் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, முற்காலத்தில் தோலாலும் இக்காலத்தில் பிளாஸ்டிக் தாளாலும் அடிப்புறத்தை மூடித் தார் பூசுவர். ஒற்றைத் துடுப்பே அதனைச் செலுத்தும் கருவி. பரிசலின் அடியில் எவ்விடத்தும் துளை இல்லை. சிறு துளை விழுந்தாலும் உடனே தார் வைத்து அடைத்துவிடுவர்.

இயந்திரப் படகுக்கோ துளை இன்றியமையாதது. மோட்டார் படகின் உள்ளே இருக்கிறது; நீரைத் தள்ளும் விசிறி வெளியே, நீருக்குள் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் சுழல்தண்டு படகின் உடலைத் துளைத்துக்கொண்டுதான் வெளியேற வேண்டும். பட்டறைகளில் இதனை ‘ஷாஃப்ட்’ என்றே வழங்குவர். தண்டு தடையின்றிச் சுழல வேண்டும். ஆனால் அத்துளை வழியே நீர் உள்ளே வரலாகாது. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு தேவைகளையும் நிறைவேற்றுவதே படகு கட்டுவோரின் பழைய சிக்கல்.

இதனைக் கற்பதற்கு வானொலி அலையால் இயங்கும் மாதிரிப் படகு நல்ல கருவியாகும். இத்தகைய படகை 1898இல் நியூயார்க் நகரில் நிக்கோலா டெஸ்லா மக்கள்முன் இயக்கிக் காட்டினார். இன்றைய மாதிரிப் படகுகளில் பென்சிலை விட மெல்லிய எஃகுத் தண்டு ஒன்று, சாய்வாகப் பொருத்தப்பட்ட பித்தளைக் குழாயினுள் செல்கிறது. குழாயின் இரு முனைகளிலும் ‘புஷ்’ எனப்படும் சிறு உலோக வளையங்கள் தண்டைத் தாங்குகின்றன. இடையில் உள்ள வெற்றிடம் முழுவதும் கிரீஸ் நிரப்பப்படுகிறது. அது தண்டின் உராய்வைக் குறைக்கிறது. நீர் ஏறும் வழியையும் அடைக்கிறது. ஆகவே கிரீஸ் தீர்ந்த படகில் தண்டும் தேயும், நீரும் புகும்.

குழாயின் உள்முனை, வெளியிலுள்ள நீர்மட்டத்தைவிட உயரமாக இருத்தல் வேண்டும். இணைந்த கலங்களில் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பதை அறிவியல் பாடத்தில் படித்திருப்பர். அதன்படி, கிரீஸ் குறைந்தாலும் நின்றிருக்கும் படகின் குழாயில் நீர் அம்மட்டத்திற்கு மேல் ஏறாது. ஆனால் கனமான பேட்டரியை ஏற்றியதும் படகு தாழ்ந்துவிடும். அதனால் எல்லாப் பளுவையும் ஏற்றிய பின்னரே இவ்வுயரத்தை அளக்க வேண்டும். பலர் மறப்பது இதனைத்தான்.

பராமரிப்பு, படகு கரையேறியவுடன் தொடங்குகிறது. முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுதல் வேண்டும்; தவறிச் சுழலும் விசிறி விரலை வெட்டிவிடும். பின்னர் விசிறிக்கும் புஷ்ஷுக்கும் இடையே நோக்க வேண்டும். மீன்பிடி நீரில் அறுந்த நைலான் நூல் அவ்விடத்தில் இறுகச் சுற்றிக்கொள்வது வழக்கம். கண்ணுக்கு எளிதில் தெரியாத அந்நூல், சுழற்சியின் வெப்பத்தில் உருகிப் புஷ்ஷைக் கெடுத்துவிடும். அடுத்து, மோட்டாரையும் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் சிறு திருகைத் தளர்த்தி, தண்டை வெளியே உருவித் துடைக்க வேண்டும். துடைத்த தண்டைக் கண்ணாடிப் பலகையின்மேல் உருட்டினால் அதன் நேர்மை புலப்படும். தண்டுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒளிக்கீற்று தோன்றி மறைந்தால் தண்டு வளைந்துள்ளது என்பது பொருள். புஷ் உரசும் இடத்தில் நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்படுமாயின், அத்தண்டை மாற்றிவிடுதலே நன்று.

நீரில் கரையாத கிரீஸைக் குழாயின் ஒரு முனையில் செலுத்தி, மறுமுனையில் அது வெளிப்படும் வரை அழுத்த வேண்டும். வீட்டில் உள்ள தேங்காய் எண்ணெய் போதாதோ என்று சிலர் எண்ணுவர். அது ஏறக்குறைய 24 பாகை செல்சியசிலேயே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் மலைப்பகுதியில் படகு அசையவே அசையாது. தண்டை மீண்டும் பொருத்தும்போது, விசிறியைப் புஷ்ஷோடு ஒட்ட முடுக்காமல் ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி விட வேண்டும். இறுதியாக விரலால் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் இறுகி மற்றோரிடத்தில் தளர்ந்தால், மோட்டாரும் தண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை. அந்நிலையில் ஓட்டினால் ஓசை மிகும். பேட்டரி விரைவில் தீரும்.

இவை விளையாட்டுப் பொருளுக்கு மட்டும் உரியன அல்ல. 1941 டிசம்பர் 10 அன்று, மலாயாவின் குவாந்தான் கடற்பகுதியில் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலை ஜப்பானிய விமானங்கள் தாக்கின. பின்புறத்தில் பாய்ந்த நீர்மூழ்கிக் குண்டு, இடப்பக்க வெளித்தண்டு ஒன்றை வளைத்தது. வளைந்த தண்டு சுழன்றபோது அது செல்லும் வழி கிழிந்து, கடல்நீர் கப்பலுக்குள் பாய்ந்தது. மேலும் பல குண்டுகள் தாக்கவே, அன்றே அக்கப்பல் மூழ்கியது.

மாதிரிப் படகு நடுநீரில் நின்றுவிட்டால் சிறுவர் நீரில் இறங்கி மீட்க முயலலாகாது. அணைநீர் சட்டென ஆழமாகும். காவிரியில் முதலைகளும் உண்டு. காற்று அதனைக் கரைசேர்க்கும் வரை காத்திருக்கலாம்; அல்லது பரிசல்காரரிடம் கேட்கலாம்.

சொற்பொருள்
பிளாச்சு – பிளந்த மூங்கிற் பட்டை
முரண் – மாறுபாடு
உராய்வு – உரசலால் ஏற்படும் தடை
முடுக்குதல் – திருகி இறுக்குதல்

விடை எழுதுக
1. பரிசலுக்கும் இயந்திரப் படகுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. கிரீஸ் செய்யும் இரு பணிகளை எழுதுக.
3. குழாயின் உயரத்தைப் பேட்டரி ஏற்றிய பின் அளப்பது ஏன்?
4. உம் வீட்டு மிதிவண்டியிலோ மின்விசிறியிலோ சுழலும் தண்டு எங்குள்ளது? பெரியோரிடம் கேட்டு, அதனை அவர்கள் எவ்வாறு பேணுகின்றனர் என ஐந்து தொடர்களில் எழுதுக.