கல்லூரிப் பந்துவீச்சாளரை அளந்தறிதல்

கல்லூரித் திடலில் ஒளிரும் இளைஞன் நாட்டின் அணியில் நிலைப்பானோ என்பதை முன்னறிதல் எளிதன்று. அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் பந்தைக் கையாலெறிந்து அணியை நடத்துவோனைக் குவார்ட்டர்பேக் என்பர். தொழில்முறைக் குழுக்கள் 1998 ஆம் ஆண்டில் கல்லூரி ஆட்டக்காரரைத் தெரிந்தெடுத்தபோது பெய்டன் மானிங் முதலாவதாகவும் ரையான் லீஃப் இரண்டாவதாகவும் கொள்ளப்பட்டனர். முன்னவர் பெரும்புகழ் எய்தினார். பின்னவர் சில ஆண்டுகளிற் களம் விட்டகன்றார். 2000 ஆம் ஆண்டில் 199 ஆம் இடத்தில் எடுக்கப்பட்ட டாம் பிரேடியோ ஏழு முறை வாகை சூடினார்.

நிற்க. இதற்கொத்த வழக்கு நம் நாட்டுக் கிரிக்கெட்டிலும் உளது. ஆப் ஸ்பின் வீசுவோரில் வேங்கடராகவன், பிரசன்னா இருவரும் பொறியியல் மாணாக்கராயிருந்தபோதே இந்திய அணியிற் புகுந்தவர்கள். கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பயின்ற வேங்கடராகவன், 1965 இல் 19 வயதிலேயே நியூசிலாந்துக்கு எதிராகச் சென்னையில் ஆடி, அதே தொடரில் தில்லியில் 12 விக்கெட்டுகள் வீழ்த்தினார். பிரசன்னா அவருக்கு முன்பே, 1962 இல் இங்கிலாந்துக்கு எதிராக ஆடி மேற்கிந்தியத் தீவுகளுக்கும் சென்றவர். ஆயினும் மைசூரிற் படிப்பை முடித்தற்பொருட்டு ஒதுங்கினார். அவர் அடுத்த டெஸ்ட் ஆடியது 1967 இல். இளமையின் ஐந்தாண்டு இவ்வாறு கழிந்தது. 1965 இல் இவ்விருவரையும் ஒப்பிட்டவன், பிரசன்னாவைக் கழித்தே எண்ணியிருப்பான்.

மீண்டு வந்தவரோ 20 டெஸ்டுகளில் 100 விக்கெட்டுகளை எய்தினார். முடிவிற் பிரசன்னா 49 ஆட்டங்களில் 189, வேங்கடராகவன் 57 ஆட்டங்களில் 156. எனின் பிரசன்னாவே மேலோர் என முடித்துவிடலாமோ? 1971 இல் அணித்தலைவர் வாடேகர் பெரிதும் நம்பியது வேங்கடராகவனையே. மேற்கிந்தியத் தீவுகளில் அவர் 22 விக்கெட்டுகள் பெற்றார். உயரத்தோடும் பிசகாத அளவோடும் வீசியதன்றி, மட்டைக்கு அருகே நின்று அரிய பந்துகளைப் பிடித்தலும் அவர்பால் இருந்தது. பந்தை மேலே மிதக்கவிட்டு ஆட்டக்காரரை மயக்குதலிற் பிரசன்னாவுக்கு நிகர் அவரல்லர் என்பதே எமது கருத்து.

சென்னையிற் பொறியியல் கற்ற அஸ்வினோ முதலில் மட்டையாளராகவே தொடங்கியவர். 25 வயதில், 2011 இல், முதல் டெஸ்ட் ஆடினார். 18 ஆட்டங்களில் 100 எய்தி, 2024 இல் ஓய்வுறுங்கால் 106 ஆட்டங்களில் 537 பெற்றிருந்தார். உலகம் கேரம் பந்து எனக் கூறும் அவரது படைக்கலத்திற்குச் சென்னைத் தெருக்களில் சொடுக்குப் பந்து என்பது பெயர். அதனைக் கற்பித்தது டென்னிஸ் பந்தாடிய தெருவேயன்றிப் பயிற்சிக்கூடமன்று.

பள்ளிப்பட்டுப் பக்கத்து மேடுபள்ளத் திடல்களிற் பந்து தானே திரும்பும். அங்கே ஒருவன் பெற்ற ஆறு விக்கெட்டுகள் அவன் திறத்தாலோ நிலத்தாலோ என்பதைக் கணக்கேடு கூறாது. ஆதலின் நம் மாணாக்கரைத் தேர்வோர், பந்து எல்லைக் கோட்டைத் தாண்டிப் பறந்தபின் அவன் அடுத்த பந்தை எவ்வாறு வீசுகின்றான் என்பதை நோக்குக: அஞ்சித் தட்டையாக வீசுகின்றானா, முன்னதிற் சிறிது வேறுபடுத்தி மீண்டும் உயரவே விடுகின்றானா?