தமிழ் விக்கிமூல மெய்ப்புப் பணியும் ஈடுபாட்டு அளவீடும்: பைட்டுக் கணக்கில் புலப்படாத எழுத்துத் திருத்தங்கள்

ஆய்வுச் சுருக்கம்

பலர் கூடிப் பணிபுரியும் இணையத் தளங்களில் ஒவ்வொருவரின் ஈடுபாட்டையும் எண்களால் அளக்கும் வழக்கம் பெருகியுள்ளது. தமிழ் விக்கிமூலத்தில் நிகழும் மெய்ப்புப் பணியை இத்தகைய எண்கள் எந்த அளவிற்குக் காட்டுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தொகுப்பு எண்ணிக்கை, பைட்டு மாற்றம் ஆகிய இரண்டும் தமிழ் எழுத்தின் இயல்போடு பொருந்தாமையை எடுத்துக்காட்டுகளால் நிறுவி, பாடத்தின் தரத்தை மையமாகக் கொண்ட மாற்று அளவுகளை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: விக்கிமூலம், மெய்ப்பு, பாடம், ஒருங்குறி, பைட்டு, ஈடுபாட்டு அளவீடு, பதிப்பியல்.

முன்னுரை

ஒரு நூலின் பாடம் உருவானதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்னும் வினா தமிழ்ப் பதிப்புலகிற்குப் புதியதன்று. பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894) முதலியவற்றைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், தமக்குச் சுவடி தந்தோரையும் பணியில் துணைநின்றோரையும் முகவுரைகளில் பெயர் சுட்டிப் போற்றினார். அது எண்களால் அமைந்த கணக்கன்று. இன்னார் இன்னது செய்தார் என்னும் பதிவு. அவர் தொகுத்த சுவடிகளையும் நூல்களையும் பேணும் பொருட்டு 1943இல் தோன்றிய உ.வே.சா. நூல்நிலையம் இன்று சென்னை பெசன்ட் நகரில் உள்ளது.

அதே தென்சென்னையில், கோட்டூர்புரத்தில், தமிழ் இணையக் கல்விக்கழகம் இயங்குகிறது. அக்கழகத்தின் ஒத்துழைப்பால் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் மின்படிகள் 2000க்கும் மேற்பட்டவை தமிழ் விக்கிமூலத்தைச் சென்றடைந்தன. படக்கோப்புகளாக இருந்த அப்பக்கங்கள் எழுத்துணரி மென்பொருளால் தேடத்தக்க உரையாக மாற்றப்பட்டன. எழுத்துணரி விட்ட பிழைகளை மூலப்படத்தோடு ஒப்பிட்டுக் களையும் பணியைத் தன்னார்வலர்கள் செய்து வருகின்றனர். இங்கே முகவுரைக்கு மாற்றாக நிற்பது, பொறி தானாகவே எழுதிக்கொள்ளும் வரலாற்றுப் பக்கம். அப்பக்கம் எதனைப் பதிகிறது, எதனை விடுகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

விக்கிமூலத்தின் பணிமுறை

விக்கிமூலத்தில் ஒவ்வொரு நூற்பக்கமும் இருபகுதிகளாகக் காட்சி தருகிறது. ஒருபுறம் அச்சுப்பக்கத்தின் படம்; மறுபுறம் திருத்தத்தக்க உரை. பக்கத்தின் நிலை ஐவகைப்படும்: உரையற்றது, மெய்ப்புப் பார்க்கப்படாதது, சிக்கலுடையது, மெய்ப்புப் பார்க்கப்பட்டது, சரிபார்க்கப்பட்டது. இவற்றுள் மெய்ப்புப் பார்க்கப்படாத பக்கம் சிவப்பாகவும், ஒருமுறை மெய்ப்புப் பார்க்கப்பட்டது மஞ்சளாகவும், மீண்டும் சரிபார்க்கப்பட்டது பச்சையாகவும் குறிக்கப்படும். மஞ்சள் நிலைக்குக் கொணர்ந்தவரே அப்பக்கத்தைப் பச்சையாக்க இயலாது. இரண்டாமவர் ஒருவர் வேண்டும். ஒருவர் ஏட்டைப் படிக்க மற்றொருவர் ஒப்புநோக்கும் பழைய முறையின் தேவையை இவ்விதி வேறொரு வகையில் நிறைவு செய்கிறது.

ஒருவர் பக்கத்தைத் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் ‘தொகுப்பு’ எனப்படும். பயனர் பெயர், நேரம், உரையின் அளவு எத்தனை பைட்டு கூடியது அல்லது குறைந்தது என்பன வரலாற்றில் பதிவாகின்றன. இப்பதிவுகளிலிருந்தே ஈடுபாட்டுப் புள்ளிவிவரங்கள் பெறப்படுகின்றன. விக்கிமீடியா அறக்கட்டளையின் வழக்கில் திங்களுக்கு 5 தொகுப்புகளேனும் செய்பவர் முனைப்பான பங்களிப்பாளர். 100 அல்லது அதற்கு மேற்பட்டவற்றைச் செய்பவர் மிகு முனைப்பாளர். ஒரு திட்டம் வளர்கிறதா தேய்கிறதா என்பதை அறிய இவ்வளவு பயன்படும். தனியொருவரின் உழைப்பை மதிப்பிட இதனைக் கையாளும்போதுதான் இடர் தோன்றுகிறது.

தொகுப்பு எண்ணிக்கையின் போதாமை

இருபது பிழைகளைத் திருத்தி ஒரே முறை சேமிப்பவர் ஒரு தொகுப்பிற்கு உரியவர். ஒவ்வொரு பிழைக்கும் ஒருமுறை சேமிப்பவர் இருபதிற்கு உரியவர். பணி ஒன்றே, எண் வேறு. இதனினும் நுண்ணிய குறையொன்று உண்டு. முதலாமவர் செம்மையாக மெய்ப்புப் பார்த்த பக்கத்தை இரண்டாமவர் வரிவரியாக மூலத்தோடு ஒப்பிடுகிறார், பிழையொன்றும் இல்லை, நிலையை மட்டும் பச்சையாக மாற்றுகிறார். படிக்காமலே பச்சையாக்குபவர் விடும் தடமும் இதுவே. கையின் செயல் பதிவாகிறது. கண்ணின் உழைப்பு பதிவாவதில்லை.

பைட்டுக் கணக்கும் தமிழ் எழுத்தும்

தமிழிலக்கணம் ‘கொ’ என்பதை ஓரெழுத்தாகக் கொள்கிறது. ஒருங்குறி அதனைக் ககரம், ஒகரக்குறி என இரண்டு குறியீடுகளாக வைக்கிறது. இணையத்தில் பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டு பெறுவதால், ‘கொ’ 6 பைட்டாகிறது. இலக்கணத்தின்படி மூன்றெழுத்தாகிய ‘தமிழ்’ 15 பைட்டு பெறுகிறது. இவ்வமைப்பால் திருத்தங்கள் பின்வருமாறு கணக்கிடப்படுகின்றன.

1. எழுத்துப் பதிலீடு: பழைய அச்சில் ரகரமும் ஆகாரக் காற்குறியும் ஏறத்தாழ ஒரே வடிவின. ஆதலின் எழுத்துணரி ‘மரம்’ என்பதை ‘மாம்’ எனப் படித்தல் கூடும். இதனைத் திருத்தினால் ஒரு குறியீடு நீங்கி மற்றொன்று அவ்விடத்தில் அமர்கிறது. மாற்றம் 0 பைட்டு. பரவை–பறவை, வலி–வளி–வழி, எது–ஏது ஆகியவற்றிலும் இதுவே நிலை. பொருளை வேறுபடுத்தும் லகர, ளகர, ழகர வேறுபாடும், எகர, ஏகாரக் குறில் நெடில் வேறுபாடும் இக்கணக்கில் சுழியமாகின்றன.

2. ஒற்றுத் திருத்தம்: ‘வேலை கொடு’ என்பது பணி தருக எனவும், ‘வேலைக் கொடு’ என்பது வேற்படையைத் தருக எனவும் பொருள்படும். ஒரு ககர மெய்யைச் சேர்த்தால் 6 பைட்டு கூடும். மூலத்தில் இல்லாத ஒற்றைத் தவறாகச் சேர்த்தவருக்கும் இதே 6 கிடைக்கும். அத்தவற்றைக் கண்டு நீக்கியவருக்குக் குறை 6 எனப் பதிவாகும்.

3. வடிவமைப்பு: தலைப்பொன்றை நடுவில் நிறுத்த, ஆங்கில எழுத்துகளால் ஆன வார்ப்புருவைச் சேர்த்தால் 11 பைட்டு கூடும். பாடத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை. ‘மாம்’ என்பதை ‘மரம்’ ஆக்கியவரினும் இவர் மிகுதியாகப் பங்களித்தவராகத் தோன்றுவார்.

1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியன பழைய கூட்டு வடிவில் அமைந்துள்ளன. இவற்றை எழுத்துணரி பிறழ உணர்ந்த இடங்களில் மெய்ப்பாளருக்குப் பழைய அச்சுப் பயிற்சி இன்றியமையாதது. அப்பயிற்சியின் பயனும் பெரும்பாலும் மூன்று அல்லது ஆறு பைட்டு, சிலபோது சுழியம் என்றே பதிவாகும். சுருங்கக்கூறின், பதிப்பியலில் தலைமை பெறும் திருத்தங்களே பைட்டுக் கணக்கில் கடைநிலை பெறுகின்றன.

அளவே இலக்காகும்போது

ஓர் அளவு இலக்காக மாறும்போது அது நல்ல அளவாக நிற்பதில்லை என்னும் கருத்து, பிரித்தானியப் பொருளியலறிஞர் சார்லசு குட்ஹார்ட் 1975இல் முன்வைத்த ஆய்வின் வழிப் பரவியது. பணியிடங்களிலும் இவ்விவாதம் எழுந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ‘உற்பத்தித்திறன் மதிப்பெண்’ என்னும் வசதி, பணியாளர் ஒவ்வொருவரும் மின்னஞ்சல், உரையாடல், கூட்டுக் கோப்பு ஆகியவற்றை எத்தனை நாள் பயன்படுத்தினர் என்பதைப் பெயருடன் காட்டியது. அது கண்காணிப்பாகும் என்னும் கண்டனம் வலுத்ததால், அவ்வாண்டு டிசம்பரில் தனியர் பெயர்கள் நீக்கப்பட்டன.

தமிழ்த்துறைகள் மாணவரை விக்கிமூலப் பணியில் ஈடுபடுத்த எண்ணும்போது இப்படிப்பினை நினைவிற்கு உரியது. நூறு தொகுப்பிற்குச் சான்றிதழ் என ஒரு துறை அறிவிக்குமாயின், மாணவர் எளிய பக்கங்களையே தேர்வர்; செய்யுளும் அடிக்குறிப்பும் நிறைந்த பக்கங்கள் சிவப்பாகவே எஞ்சும். ஒருவர் மஞ்சளாக்கியதை நண்பர் ஒருவர் உடனே பச்சையாக்குவதும் நிகழக்கூடும். இதன் இழப்பு மாணவரின் மதிப்பெண்ணோடு நிற்பதன்று. பச்சைநிறத்தை நம்பி அவ்வுரையை மேற்கோளாகக் கையாளும் ஆய்வாளர் வழியே பிழை ஆய்வேட்டிற்குள் நுழைகிறது. சொல்லடைவிலும் மொழித் தரவகத்திலும் இல்லாத சொல் உள்ளதாகப் பதிவாகிறது.

மாற்று அளவுகள்

அளவே வேண்டாம் என்பது இக்கட்டுரையின் முடிபன்று. விக்கிமூல வரலாறு முழுவதும் யாவரும் காணுமாறு திறந்திருப்பதால், அதிலிருந்தே பொருத்தமான அளவுகளைப் பெறலாம்.

அ. பச்சைக்குப் பின் திருத்தம்: சரிபார்க்கப்பட்ட பக்கத்தில் பின்னர் எத்தனை எழுத்துப்பிழைகள் கண்டறியப்பட்டன என்று காண்பது. இது பாடத்தின் தரத்தை நேரே தொடுகிறது. யாரும் மீளப் படிக்காத பக்கம் பிழையற்றதாகத் தோன்றும் என்பதால், சில பக்கங்களைக் குலுக்கல் முறையில் தெரிந்து ஆசிரியர் மீளப் படித்தல் வேண்டும்.

ஆ. எழுத்துநிலை ஒப்பீடு: திருத்தத்திற்கு முந்திய உரையையும் பிந்திய உரையையும் பைட்டாக அன்றித் தமிழ் எழுத்தாகப் பகுத்து ஒப்பிடுவது. அப்போது ‘மாம்’–‘மரம்’ மாற்றம் சுழியமாகாது. எழுத்து, ஒற்று, நிறுத்தக்குறி, வடிவமைப்பு என மாற்றங்களை வகைப்படுத்தவும் இயலும்.

இ. நூல்நிலை வளர்ச்சி: தனியரின் எண்ணிக்கைக்கு மாற்றாக, குழு ஏற்ற நூலில் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பக்கங்களின் விகிதத்தைக் காண்பது. சிக்கலுடையதெனக் குறிக்கப்பட்ட பக்கம் எத்துணைக் காலம் தீர்வின்றி நிற்கிறது என்பது குழுவிற்கு எங்கே துணை வேண்டும் என்பதைக் காட்டும்.

ஈ. ஐயக்குறிப்பு: மாணவர் தாம் ஐயுற்ற இடங்களையும் முடிவு செய்த முறையையும் உரையாடல் பக்கத்தில் எழுதுதல். பிழையே காணாத பக்கத்தைக் கருத்தூன்றிப் படித்தவரின் உழைப்பிற்கு இதுவே சான்றாகக்கூடும்.

இவற்றுள் முதல் மூன்றும் பொறியின் துணையால் அமைபவை. நான்காவது ஆசிரியர் படித்தே மதிப்பிட வேண்டியது. வரலாறு பொதுவில் திறந்திருத்தல், அதனைக் கொண்டு தனியரை வரிசைப்படுத்துவதற்கு இசைவாகாது. புள்ளிவிவரம் குழுவின் குறை நீக்கத்திற்கே பயன்படுதல் வேண்டும்.

முடிவுரை

தொகுப்பு எண்ணிக்கையும் பைட்டு மாற்றமும் ஒரு தளத்தின் இயக்கத்தைக் காட்டும். மெய்ப்பாளரின் புலமையையும் பாடத்தின் நம்பகத்தன்மையையும் காட்டா. தமிழில் பொருளை மாற்றும் ஓரெழுத்துத் திருத்தம் சுழியமாகப் பதிவாவது இதற்குத் தெளிவான சான்று. ஆதலால் மெய்ப்புப் பணியை மதிப்பிட முனையும் துறைகள், பச்சைநிலைக்குப் பிந்திய திருத்தங்களையும் எழுத்துநிலை ஒப்பீட்டையும் முதன்மையாகக் கொள்ளுதல் தகும். சுவடி தந்தவரையும் உடனிருந்து உழைத்தவரையும் அவரவர் செய்த பணியால் நினைவுகூர்ந்த முகவுரை மரபு, வரலாற்றுப் பக்கத்தைப் படிக்க வேண்டிய முறையையும் நமக்குக் கற்பிக்கிறது.